ஊட்டியில் கோட்டை எங்கே இருக்கிறது? வெளிநாட்டுப் பிள்ளைகளோடு ஒரு நாள் வருகிறவர்களுக்குக் கேள்வி-பதில்

குன்னூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவினர் பஞ்சமே கிடையாது. துபாயிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து ஒருவர் என்று வருடம் முழுக்க யாராவது வருவார்கள். வருவதற்கு முன் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். சென்ற ஜூலையில் என் தம்பி குடும்பம் வந்தது. அவர்கள் இருப்பது சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர் என்ற ஊரில். மகளுக்கு வயது பன்னிரண்டு, மகனுக்கு எட்டு. புறப்படுவதற்கு முந்தைய மாதம்தான் பிள்ளைகள் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் சியோன் கோட்டையைப் பார்த்திருந்தார்கள். "ஊட்டியிலும் ஏரி உண்டு, அந்த ஏரியை உண்டாக்கியவர் கட்டிய இருநூறு வருடத்துக் கல் வீடும் உண்டு" என்று தம்பி சொல்லிவைத்திருக்கிறான். பையன் காதில் அது "ஏரிக்கரைக் கோட்டை" என்று விழுந்துவிட்டது. அந்த ஒரு நாளில் நான் பதில் சொன்னவை, சொல்லத் திணறியவை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். அடுத்து வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை அழைத்தால் போதும்.

ஊட்டி ஏரிக்கரையில் கோட்டை இருக்கிறதா?

இல்லை. இதை விமானம் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லவில்லை. பஸ் நிலையம் தாண்டியதும் பையன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கோபுரம் தேட ஆரம்பித்தான்.

சியோன் கோட்டை தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பாறை மேல் கட்டியது. சவோய் பிரபுக்கள் அங்கே உட்கார்ந்து ஏரிக்கரைச் சாலையில் போகிற வருகிற வணிகர்களிடம் சுங்கம் வாங்கினார்கள். 1536-இல் பெர்ன் நகரத்துப் படை அதைப் பிடித்தது. நிலவறைத் தூண் ஒன்றில் பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் பெயர் செதுக்கியிருக்கிறது. இத்தனையையும் நேரில் பார்த்துவிட்டு வந்த பிள்ளையிடம் ஊட்டியை அதற்குப் போட்டியாக நிறுத்தினால் தோற்பது ஊட்டிதான். ஊட்டிக்கு வேறு கதை இருக்கிறது. அதை அதன் பெயரிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள்.

அப்படியானால் அந்தக் கல் வீடு எது? போய்ப் பார்க்க முடியுமா?

அதன் பெயர் கல் பங்களா. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறி வந்தார். 1822-இல் ஊட்டியில் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கினார். ஊட்டியில் எழும்பிய முதல் ஐரோப்பிய வீடு இதுதான். அதற்கு முன் இங்கே இருந்தவை இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் மந்துகளும் (அவர்கள் குடியிருப்புகள்) எருமைகள் மேயும் புல்வெளியும் சோலைக்காடும்தான். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்று சல்லிவன் நிலம் வாங்கினார் என்று வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். என் தம்பி மகள் கைப்பேசியைத் திறந்து ஒரு ரூபாய் எத்தனை ராப்பன் என்று கணக்குப் போட்டாள். (பிராங்க் என்பது நம் ரூபாய் என்றால் ராப்பன் நம் பைசா.) ஒன்றுதான் வந்தது. "இது நியாயமா, அத்தை?" என்றாள். அந்தக் காலத்து ரூபாய்க்கு மதிப்பு அதிகம் என்று சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. எனக்கும் அந்தப் பதிலில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

சல்லிவனுக்குச் சாதகமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த நிலம் தோடர்களுக்கு உரியது, அவர்கள் உரிமையை அரசு மதிக்க வேண்டும் என்று மேலதிகாரிகளோடு வாதாடியவரும் அவரே. நிலத்தை வாங்கியவர், ஊரைக் கட்டியவர், உரிமைக்காக வாதாடியவர் மூவரும் ஒரே ஆள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு இது புரிகிறது. எட்டு வயதுக்குப் புரியாது.

வீடு இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அந்த மேட்டுக்கே ஸ்டோன்ஹவுஸ் ஹில் என்றுதான் பெயர். டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் அருங்காட்சியகம் என்று நினைத்து வராதீர்கள். இது பிள்ளைகள் படிக்கிற கல்லூரி. வாசலில் விவரம் சொல்லி, அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டும். வேலை நாளில், வேலை நேரத்தில் போங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் காவலாளியோடு சண்டை வேண்டாம். அவருக்கு உங்கள் விமான டிக்கெட்டின் விலை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

ஏரிக்கரையில் அல்ல, ஏரியைவிட்டுத் தள்ளி மேட்டில்தான் வீடு இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

ஏரி இயற்கையானதா?

இல்லை. 1820-களின் நடுவில் சல்லிவன், பள்ளத்தாக்கில் இறங்கி வந்த ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. மீன் வளர்ப்பதும், இக்கரையிலிருந்து அக்கரைக்குப் படகில் போவதும் அன்றைய நோக்கம். கரை மூன்று முறை உடைந்து ஏரி வெறுமையாகியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஏரி முன்பு இப்போதைவிட நீளமாக, ஊருக்குள் கிடந்தது. அதன் ஒரு பகுதி தூர்ந்தும், தூர்க்கப்பட்டும், இன்று பஸ் நிலையமாகவும் குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானமாகவும் பூங்காவாகவும் நிற்கிறது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு "இப்போது நாம் ஏரிக்குள் நிற்கிறோம்" என்று பையனிடம் சொன்னேன். கோட்டை இல்லாத ஏமாற்றத்திலிருந்து அவன் மீண்டது அந்த நொடியில்தான்.

எஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். ஜெனீவா ஏரியின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர். ஊட்டி ஏரியைப் போல இரண்டாயிரத்துக்கு மேல் அதில் அடங்கும். இந்தக் கணக்கைப் போட்டதும் தம்பி மகள்தான். நான் கேட்கவில்லை.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் மறைக்காதீர்கள். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவுநீர் பல ஆண்டுகளாக ஏரியில் கலந்துவந்திருக்கிறது. தூர்வாருவார்கள், சுத்தம் செய்வார்கள், பிறகும் பேச்சு அதே இடத்துக்கு வரும்.

படகு சவாரி செய்துதான் ஆக வேண்டுமா?

பிள்ளைகள் கேட்பார்கள், செய்யுங்கள். படகு இல்லம் 1973-இல் தொடங்கியது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. பெடல் படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றும் உண்டு. பெடல் படகில் மிதிக்கப் போவது நீங்கள்தான், பிள்ளைகள் அல்ல. 2,240 மீட்டர் உயரத்தில் பத்து நிமிடம் மிதித்தால் மூச்சு என்ன ஆகும் என்பதைத் தம்பியிடம் கேளுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.

ஏரிக்கரைக் கடைகளில் விலை கேட்டுவிட்டுப் பொருளைத் தொடுங்கள். பிள்ளைகள் தமிழைச் சற்று வேறு மாதிரி பேசியதும் ஒரு கடையில் கம்பளிக் குல்லாயின் விலை இரண்டு மடங்கானது. நான் முன்னால் வந்து நின்றதும் அது பழைய இடத்துக்கு இறங்கியது.

குன்னூரிலிருந்து ரயிலில் போவதா, காரிலா?

போகும்போது ரயில், திரும்பும்போது பஸ்ஸோ காரோ. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7:10-க்குப் புறப்படும் மலை ரயில், பத்தரையை ஒட்டிக் குன்னூர் வந்து சேரும். நீங்கள் அதில் ஏறாவிட்டாலும் அது வருவதைப் பார்க்க நிலையத்துக்குப் போங்கள். நீராவி இன்ஜின் முன்னால் இழுத்துக்கொண்டு வராது. கடைசியில் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு வரும். கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி உயர்கிற சரிவு. சாதாரணச் சக்கரம் அதில் வழுக்கிவிடும். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். அங்கிருந்து ஊட்டி வரை சரிவு குறைவு, பல் தேவையில்லை.

இந்தப் பல் சட்ட முறையை வடிவமைத்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர். இதுவரை எனக்கும் தெரியும். பையன் இன்ஜினைப் பார்த்து வாய் பிளந்து நின்றபோது, பக்கத்தில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர், "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். "விண்டர்தூர்" என்றான், இவருக்கு எங்கே தெரியப் போகிறது என்கிற குரலில். அவர் சிரித்துவிட்டு, "இந்த ரக இன்ஜினும் உன் ஊர்தான்" என்றார். உண்மைதான். இந்தப் பாதையில் ஓடிய எக்ஸ் வகை இன்ஜின்களை 1914 முதல் செய்து அனுப்பியது விண்டர்தூரில் இருந்த சுவிஸ் இன்ஜின் தொழிற்சாலை. பிற்காலத்தில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியவற்றைச் செய்தார்கள். அதன் பிறகு ஊட்டி வந்து சேரும்வரை அந்தப் பையன் கோட்டை என்ற சொல்லை எடுக்கவே இல்லை. தம்பி பத்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறான். அவனுக்கும் இது அன்றுதான் தெரிந்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையான பாதை 1899-இல் திறந்தது. ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. குன்னூருக்கு மேல் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள். கேத்தி வரும்போது பள்ளத்தாக்கு பக்கத்து ஜன்னலுக்குப் பிள்ளைகளை மாற்றி உட்காரவையுங்கள். டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். அன்று காலை போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னவர்கள் பலர் நிலையத்து வாசலிலிருந்து என்னை அழைத்திருக்கிறார்கள்.

இ-பாஸ் வேண்டுமா?

இ-பாஸ் என்பது வண்டி மலையேற இணையத்தில் பதிந்து எடுக்கும் அனுமதி. சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ மலையேறினால் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்குத் தேவையில்லை. டிஎன் 43 என்று தொடங்கும் நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. வெளிநாட்டுத் தொலைபேசி எண் மட்டும் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, புறப்படும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஜூலையில்தான் பள்ளி விடுமுறை. வரலாமா?

வரலாம். தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. ஊட்டியில் காற்றும் தூறலும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். குன்னூர் அப்போது ஓரளவு காய்ந்திருக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை அக்டோபர், நவம்பரில். மே மாதம் மலர்க் கண்காட்சியும் அதற்கு வரும் கூட்டமும். டிசம்பர், ஜனவரியில் அதிகாலைப் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். சுவிட்சர்லாந்துப் பிள்ளைகள் அதற்கு மயங்க மாட்டார்கள், மதுரையிலிருந்து வருகிற சித்தப்பா மயங்குவார்.

அப்பத்தாவையும் அழைத்துப் போகலாமா?

எங்கள் அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வந்தார். ரயிலில் ராணியைப் போல உட்கார்ந்து வந்தார். கல் பங்களா மேட்டை மட்டும் நடந்து ஏற விடாதீர்கள், ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் உட்கார இடம் உண்டு. காதை மூடும் மஃப்ளர் அவசியம்.

மலைப்பாதையில் பிள்ளைகளுக்கு வாந்தி வருகிறதே?

ரயிலில் வராது. காரில் வந்தால் முன்னிரவே நன்றாகத் தூங்கவைத்து, காலையில் பாலைத் தவிர்த்து, வாயில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா கொடுங்கள். முக்கியமாக, கைப்பேசியைப் பிடுங்கிவிடுங்கள்.

எங்கே சாப்பிடுவது? ஊட்டி சாக்லேட் வாங்கலாமா?

சுவிட்சர்லாந்திலிருந்து மூன்று கிலோ சாக்லேட் சுமந்து வந்த குடும்பம், திரும்பும்போது இரண்டு கிலோ ஊட்டி சாக்லேட் வாங்கிப் போனது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொல்வது வர்க்கி, இந்த ஊர் பேக்கரிப் பலகாரம். அடுக்கடுக்காக உதிரும், சூடான டீயில் ஒரு நொடி நனைத்துச் சாப்பிட வேண்டும், இரண்டு நொடி என்றால் டம்ளருக்குள் போய்விடும். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலுமாகக் கட்டிக்கொண்டு போனோம். அந்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ் எல்லாம் இந்த மலையில் பரவியது சல்லிவன் காலத்திலிருந்துதான். சமவெளிச் சந்தையில் இன்றும் இவற்றுக்கு இங்கிலீஷ் காய்கறி என்றுதானே பெயர்.

தண்ணீர் பாட்டில்?

ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். ஆங்காங்கே தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, காசு போட்டு நிரப்பலாம்.

தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பார்க்க என்ன இருக்கிறது?

ஊட்டியில் அரண்மனை தேடுகிறவர்கள் உண்மையில் போக வேண்டிய இடம் இதுதான். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1831-இல் வழிபாடு தொடங்கியது. அதன் கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரம். யானைகளைக் கொண்டு இழுத்து மலையேற்றியதாகச் சொல்வார்கள். உள்ளே போய்த் தலையை நிமிர்த்துங்கள். ஒரு அரண்மனை உங்கள் தலைக்கு மேல் படுத்திருக்கிறது. பையன் அதைப் பார்த்து, "உடைந்த கோட்டையைச் சேர்த்துவைத்திருக்கிறார்கள்" என்றான். சரியாகத்தான் சொன்னான்.

வெளியே, சரிவில் கல்லறைகள். சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். காலையில் ஒரு ரூபாய்க் கணக்குப் போட்ட என் தம்பி மகள் அங்கே வெகுநேரம் நின்றாள். என்ன யோசித்தாள் என்று நான் கேட்கவில்லை.

தோடர்களைப் பார்க்க அழைத்துப் போகலாமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பார்த்துவிட்டு வர அவர்கள் காட்சிப் பொருள் அல்ல. மந்து என்பது மனிதர்கள் குடியிருக்கும் இடம். கோயிலும் அங்கேயே இருக்கிறது. தெரிந்தவர் அழைத்தால் போங்கள். மற்றபடி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக அவர்கள் செய்கிற பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெண்களே நடத்தும் விற்பனையிடங்களில் பேரம் பேசாமல் ஒன்று வாங்குங்கள். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டுவிட்டால் பேரம் பேச வாய் வராது.

கல் பங்களாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை என்றால்?

கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்குக்குப் போங்கள். 1819-இல் சல்லிவன் கட்டிய முதல் மலை வீடு அங்கே இருக்கிறது. இடிந்து கிடந்ததைப் புதுப்பித்து, நீலகிரி வரலாற்றைச் சொல்லும் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கூட்டமே இருக்காது. உண்மையைச் சொன்னால், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஊட்டியைவிட இதுதான் நல்லது. போகும் வழியில் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கலாம். வண்டியை விட்டு இறங்காதீர்கள், படம் வேண்டுமென்றால் கண்ணாடிக்கு உள்ளிருந்து.

உண்மையான கோட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால்?

குன்னூருக்குப் பக்கத்தில் துரூக் இருக்கிறது. பக்காசுரன் மலை என்றும் சொல்வார்கள். திப்பு சுல்தான் காலத்தில் காவல் அரணாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தைக் கடந்து நடந்து ஏற வேண்டும். மேலே எஞ்சியிருப்பது இடிந்த மதில் துண்டும், சமவெளி முழுவதும் தெரிகிற காட்சியும். அதற்கு இன்னொரு நாள் வேண்டும், மழையில்லாத நாளாக.

ஒரே நாளில் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, பைக்காரா எல்லாம் முடியுமா?

முடியாது. முடித்தவர்கள் காட்டும் படங்களில் எல்லோரும் காருக்குள் தூங்குகிறார்கள்.

திரும்பிப் போன பிறகு பிள்ளைகளுக்கு என்ன நினைவிருக்கிறது?

சென்ற வாரம் பையன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்தை, ஏரிக்கு அடியில் பஸ் நிலையமா, பஸ் நிலையத்துக்கு அடியில் ஏரியா?" வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறான், யாரும் நம்பவில்லையாம். பஸ் நிலையத்துக்கு அடியில்தான் ஏரி என்றேன். சாட்சி வேண்டும் என்றான். பெருமழை பெய்தால் பஸ் நிலையத்தை ஒட்டிய ரயில் பாலத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கி வண்டிகள் நின்றுவிடும்; அடுத்த மழைக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலையிலிருந்து ஊட்டிப் பக்கம் கருத்துக்கொண்டிருக்கிறது.